முழங்கால் உயரம் என்று சொன்னேன்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில், கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை பெக்டரிக்கு மின்சாரம் தந்த நீர்ச்சக்கர அறையில் கையாளாக இருந்தேன். அறை பள்ளத்தில் இருந்தது. லொறி அங்கே வராது. எந்தச் சாமானையும் ஈரப்படிகளில் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. நான்காவது நடையில், சக்கரத்தின் வேகத்தைக் காட்டும் புதிய வேகமானியைத் திருகிப் பூட்டியிருந்த மரப்பெட்டியோடு அறைக்குள் கால் வைத்தபோது தோள் மரத்துப் போயிருந்தது. பெட்டி நழுவி, சீமெந்துத் தரையில் மூலை குத்த விழுந்தது. பார்த்தவர் யாருமில்லை.

சத்தம் கேட்டு பிட்டர் வந்தார். இயந்திரங்களைப் பொருத்த ஹட்டனிலிருந்து வந்து தங்கியிருந்தவர்.

"எவ்வளவு ஒசரத்துலேருந்து விழுந்துச்சு?"

"முழங்கால் ஒசரந்தாங்க. கீழ வைக்கிறப்ப வழுக்கிருச்சு."

அவர் குந்தி உட்கார்ந்து, நசுங்கிய மூலையில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். "தர கொஞ்சங்கூட எறங்கல. மரந்தான் அரை அங்குலம் நசுங்கியிருக்கு. பதினெட்டு அங்குலம் விழுந்தது அரை அங்குலத்துல நின்னிருக்கு. முப்பத்தாறு மடங்கு."

"எது முப்பத்தாறுங்க?"

"தன்னோட எடையப்போல முப்பத்தாறு மடங்கு அடி வாங்கியிருக்கு. சுமார் கணக்குதான். அம்பது வரைக்கும் தாங்கும்னு கூட வந்த தாள்ல போட்டிருக்கு." சிரமத்தோடு எழுந்தார். "மாட்டிரலாம்."

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு ஏறும் வழியிலேயே கணக்குப் போட்டேன். என் தோள் உயரம் ஐம்பத்து நான்கு அங்குலம். நூற்றெட்டு மடங்கு.

ஐந்து நாள் அந்த வேகமானியின் முள்ளைப் பார்த்தபடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சக்கரத்தின் சத்தம் வழக்கத்தைவிடக் கூர்மையாக இருப்பதாக எனக்குப் பட்டது. பயத்தினால் அப்படிக் கேட்கிறதா, உண்மையிலேயே வேகம் கூடிவிட்டதா என்று தெரியவில்லை. அறுந்தால் ஆளை அடிக்கும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் எந்நேரமும் இரண்டு பேர் நின்றார்கள்.

ஆறாம் நாள் காலையில் பிட்டரிடம் போய் நின்றேன்.

"அது தோள்லேருந்து விழுந்துச்சுங்க."

அவர் திட்டவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். "அன்னிக்கே சொல்றதுக்கு என்னய்யா?"

"வேல போயிரும்னு பயந்துட்டேங்க."

அவர் கைக்கருவி ஒன்றை சக்கரத்தோடு சுழலும் தண்டில் அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முள் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியது. உடனே தண்ணீரை நிறுத்தச் சொன்னார். பாதி நாள் வேலை செய்து பூட்டியதை மீண்டும் கழற்ற உட்கார்ந்தபோது அவர் முகத்தில் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. திருகுகளை வாங்கி வைக்க நான் கையை நீட்டினேன். ஒவ்வொன்றாகத் தந்தார்.

நடந்ததைத் தோட்டத்தை நிர்வகித்த தொரைக்கு அப்படியே எழுதிக் கொடுத்தார். இப்படிப்பட்ட பெட்டியை இரண்டு பேர் தூக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தாராம். தொரை என்னைத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்கு மாற்றினார்.

முதல் வாரமே கத்தி பிடித்துக் கை கொப்பளித்தது. மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள், "பேசாம இருந்திருக்கலாம்ல?"

கையை நீருக்குள் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன்.