கடை வாய்க்கால் கேதீஸ்வரி

உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் ஓடிக் களைத்து ஓய்கிற இடத்தில் கேதீஸ்வரிக்கு ஒன்றரை ஏக்கர் வயல், தாய் கொடுத்த சீதனம். புருஷன் பாசிக்குடா ஹோட்டலில் சமையல். வயல் முழுக்க இவள் பாடு. மாரியில் கவலையில்லை. கோடையில் சிறுபோகம் வந்தால் மண்வெட்டியோடு வாய்க்கால் வழியே மேலே ஏறிப்போய்ச் சண்டை பிடிப்பாள். அந்த வயல் வட்டைக்குள் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை, தண்ணீர்தான் பயப்படவில்லை.

மேல் வயல்காரர் இளையதம்பி கெட்டவர் அல்ல. வயலில் தண்ணீர் தளும்பி நிற்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது, அவ்வளவுதான்.

இந்த வருடமும் தூர் கட்டுகிற நேரத்தில் அவளுடைய பயிர் மஞ்சளடித்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் சருகுதான். அப்போதுதான் கமக்காரர் சங்கக் கூட்டத்தில் துளை போட்ட குழாய் ஒன்றைக் காட்டினார்கள். வயலில் புதைத்தால் மண்ணுக்கடியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறதென்று தெரியுமாம். அது நன்றாக இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதுமாம்.

"என்ட வயல்ல புதைச்சு என்னத்தைப் பாக்கிறது? மேல புதையுங்க," என்றாள்.

இளையதம்பி துள்ளி எழுந்தார். "வயல் வெடிச்சா ஆருகா பொறுப்பு?"

"குறையிற நெல்லை என்ட வயல்ல அள்ளுங்க அண்ணன். காலையில நானும் வாறன், ரெண்டு பேருமாப் பாப்பம்."

இளையதம்பியின் வயலில் புதைத்தார்கள். மேல்மண் கீறல் விட்ட அன்று இளையதம்பி வரம்பில் வக்கடையைத் திறந்து தண்ணீர் விட ஓடினார். கேதீஸ்வரி குறுக்கே நின்று, குழாய்க்குள் குச்சியை விட்டுப் பார்க்கச் சொன்னாள். குச்சி நனைந்து வந்தது. மனிதர் நம்பாமல் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தார்.

"அட, உள்ளுக்கு நிக்குதே!"

அன்று வக்கடை திறக்கவில்லை. மற்ற மேல் வயல்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். தங்களுக்கும் குழாய் கேட்டார்கள்.

பயிர் கருகுமுன் கேதீஸ்வரியின் வயலுக்குத் தண்ணீர் வந்து நிறைந்தது. சண்டை பிடிக்காமல் வந்த முதல் தண்ணீர். சந்தோஷம் தாங்காமல் வரம்பில் குந்தியிருந்து அழுதாள்.

மறுநாள் பக்கீர் வந்தான். அவளுக்கும் கீழே, வட்டையின் கடைசித் துண்டு அவனுடையது. சிறுபோகத்தில் சும்மா கிடக்கிற நிலத்தில் இந்த முறைதான் துணிந்து விதைத்திருந்தான்.

"அக்கா, கொஞ்சம் திறந்து விடுங்களன்."

"நேத்துத்தான் தம்பி வந்தது. ரெண்டு நாள் நிக்கட்டும்."

பக்கீர் போய் வரம்பில் இருந்தான். அவள் தன் வயலைப் பார்த்தாள். தளும்பிக்கொண்டு நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மண்வெட்டியை எடுத்து வக்கடையை வெட்டினாள், மனமில்லாமல்தான் வெட்டினாள்.

தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கியதும், "நாளைக்கு இஞ்சயும் ஒரு குழாய் புதைப்பம்," என்றாள். "காலையில நீயும் வா. நான் சொல்லுறதை மட்டும் நம்பிப்போடாத."