விழுந்தவரைப் பார்க்கக் கூடாது

என் அண்ணி நாய் பழக்குகிறவள். கை கொடுக்க, உருண்டு காட்ட, செய்தித்தாளைக் கவ்வி வரக் கற்றுத் தருகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். அதைக் கேட்டு யாராவது வந்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் கற்றுத் தருவது ஒரே ஒரு வித்தை: சும்மா இருப்பது. பக்கத்தில் பந்து உருண்டாலும், பூனை குறுக்கே போனாலும், இறைச்சித் துண்டு மூக்குக்கு நேரே விழுந்தாலும் சொன்ன இடத்தில் சொன்னபடி இருப்பது. மனிதர்களாலேயே முடியாத காரியம். என்னால் நிச்சயம் முடியாது. நாலு பேர் பேசுகிற இடத்தில் ஐந்தாவதாக வாயை வைக்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைத் தயார் செய்கிற நிலையம் ஒன்றில் அண்ணி கூண்டு கழுவப் போனவள். மற்றவர்களைப் பார்த்துக் குரைக்கிற நாய்கள் இவள் உள்ளே நுழைந்தால் அடங்கிவிடுவதை மேலாளர் கவனித்திருக்கிறார். ஒரு குட்டியைக் கொடுத்து வீட்டில் வைத்துப் பழக்கச் சொன்னார். அது தேறியது. அடுத்ததும் தேறியது. பிறகு அவள் துடைப்பத்தைத் தொட யாரும் விடவில்லை. அவளுக்கும் அண்ணனுக்கும் பிள்ளை இல்லை. குட்டியாக ஒன்று வரும், கட்டிலுக்கடியில் படுத்து வளரும், தேர்வில் தேறி யாரோ ஒருவருடன் போய்விடும். போகிற அன்று அண்ணி சாப்பிட மாட்டாள். அண்ணன் அவளுக்கும் சேர்த்துச் சாப்பிடுவான்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். காலையில் ஓட்டம், சாயங்காலம் ஓட்டம், நடுவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஓய்வு. அந்த நடுப்பகலில்தான் அவனுக்கு இரண்டாவது உத்தியோகம். பின்கட்டு முற்றத்தில் நாயை உட்கார வைத்து, "இரு" என்று சொல்லிவிட்டு அண்ணி தள்ளிப் போய் நிற்பாள். அண்ணன் நாய்க்குத் தொந்தரவு கொடுக்க வேண்டும். தட்டைத் தரையில் போடுவான், குடையைப் படாரென்று விரிப்பான், பந்தை உருட்டுவான். கடைசியில் விழுவான்.

பாடத்திலேயே கடினமானது அந்த விழுவதுதான். மனிதன் விழுந்தால் ஓடிப்போய் முகர்ந்து பார்ப்பது நாயின் சுபாவம். நடுத்தெருவில் யாரோ தடுக்கி விழ, இது அவரிடம் பாய்ந்தால், பின்னால் நாயின் முதுகுப் பட்டைப் பிடியைப் பிடித்து வருகிற கண் தெரியாதவர் கதி என்ன? பேருந்துக்கு அடியில் போவார். ஆகவே விழுந்தவரை நாய் பார்க்கக் கூடாது. அதற்கு, பழக்குகிறவள் முதலில் பார்க்காமல் இருக்க வேண்டும். அவள் கண் போகிற பக்கம்தான் நாயின் கண்ணும் போகும். எனவே அண்ணன் எப்படி விழுந்தாலும் அண்ணி நாயையே பார்த்து நிற்பாள். "போதும்" என்று அவள் சொன்ன பிறகுதான் நாயும் எழலாம், அண்ணனும் எழலாம்.

அவன் சும்மா விழுகிற ஆளா? குடிகாரன் விழுவது, வழுக்கி விழுவது, மாமியாரைக் கண்டு மயங்கி விழுவது என்று விதவிதமாக விழுவான். அக்கம்பக்கத்தில் அவனுக்குச் சர்க்கஸ்காரர் என்றே பேர். "போதும்" சொன்ன பிறகும் எழாமல் கிடந்து, "டீ போட்டாத்தான் எந்திரிப்பேன்" என்று கண்ணை மூடியபடி பேரம் பேசுவான். அண்ணி தலையில் அடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போவாள்.

கடைசியாக வந்த கறுப்பு நாய்க்கு அவன் வைத்த பேர் ஆபீசர். யார் வந்து எதைக் கேட்டாலும் முகம் மாறாது, அதனால். வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் கண் தெரியாத ஒருவருக்கு ஆபீசரை ஒதுக்கியிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் ஒன்று மோதி அவருக்குக் கால் முறிந்திருந்தது. அதிலிருந்து யாராவது கூட வந்தால்தான் வெளியே போவார், இல்லாவிட்டால் வீட்டிலேயே கிடப்பார். வாராவாரம் அண்ணி வீட்டுக்கு வந்து நாயோடு நடந்து பழகினார். ஆபீசர் தேறாவிட்டால் இன்னொரு நாய்க்கு அவர் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. அன்றைக்கு அண்ணன் தட்டையும் போடவில்லை, குடையையும் விரிக்கவில்லை. துவைக்கிற கல் பக்கம் நடந்து போனவன் அப்படியே சரிந்தான். இன்றைக்குப் புதிதாக ஒன்று செய்கிறார் என்று அண்ணி நினைத்தாளாம். வழக்கம்போல நாயையே பார்த்து நின்றாள். ஆபீசர் எழுந்துவிட்டது. எதற்கும் அசையாத நாய், நேரே போய் அண்ணன் முகத்தை முகர்ந்து, முன்னங்காலால் அவன் தோளைச் சுரண்டியது.

அண்ணி கழுத்துப்பட்டையைப் பிடித்து அதை இழுத்து வந்தாள். அப்போதும் அவள் அவனைப் பார்க்கவில்லை. "இரு" என்றாள். முனகியது. மறுபடியும் "இரு" என்றாள். நாய் தவறினால் பாடத்தை முதலிலிருந்து, முன்பைவிட நீளமாக நடத்த வேண்டும். அது அவர்கள் தொழிலில் சட்டம். நடத்தினாள். ஆபீசர் நடுங்கிக்கொண்டே அடங்கியது. நல்ல பிள்ளை என்று அதன் வாயில் பிஸ்கட்டு வைத்தாள். பிறகு "போதும்" என்றாள். அண்ணன் எழவில்லை.

"சரி சரி, டீ போடுறேன், எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். டம்ளரோடு திரும்பி வந்தபோதுதான் அவனை முதல்முறையாகப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்கவும் டாக்டர்களை யாராவது பழக்கிவிட்டால் தேவலை.

நடந்ததை அண்ணி என்னிடம் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். அழாமல் சொன்னாள். அவன் என் கூடப் பிறந்தவன், எனக்கு வயிறு எரியாதா? எரிந்தது. ஆனால் அவளை என்னவென்று திட்டுவது? வேலையில் அரைகுறையாக இருந்திருந்தால் ஓரக்கண்ணாலாவது பார்த்திருப்பாள், என் அண்ணன் பிழைத்திருப்பான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? துக்கம் விசாரிக்க வந்த பெரியம்மா, "நாய்க்கு இருந்த அறிவுகூட இவளுக்கு இல்லாமப் போச்சே" என்று அண்ணி காதில் விழும்படியே சொன்னாள். "வந்த வேலை முடிஞ்சுதுல்ல, கிளம்புங்க" என்று நான் சொல்லிவிட்டேன். அண்ணி என் கையைப் பிடித்து, "விடு, அவங்க சரியாத்தான் சொல்றாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் நாயிடம் "இரு" என்று சொல்லவே இல்லை. சோறு வைப்பாள், தெருவில் நடத்திக் கூட்டி வருவாள், அவ்வளவுதான். அண்ணன் படுத்த இடத்தில் ஆபீசர் படுத்துக்கொண்டது. ஆபரேட்டரும் துக்கம் கேட்க வந்தார். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாயின் தலையைத் தடவிவிட்டு, வங்கிக் காவலாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு, உடைந்த காலை இழுத்து இழுத்துப் படியிறங்கிப் போனார். அண்ணி அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "நீ விழுவியா?"

"விழுறேன் அண்ணி. ஆனா தரைக்கு நான் பொறுப்பில்ல" என்றேன். என் உடம்பு அப்படி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விழுந்தேன். விழுந்த மறுவினாடி அண்ணி என் பக்கத்தில் இருந்தாள். என் நெஞ்சில் கை வைத்து, மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள். அவள் வந்ததும் ஆபீசரும் வந்தது. "அண்ணி, எனக்கு ஒண்ணுமில்ல, நடிக்கிறேன்" என்றேன். தெரியும் என்றாள். மறுபடி விழுந்தேன், மறுபடியும் ஓடி வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்ற நாட்களிலும் கண் என்மேல்தான் இருந்தது. நாய் அவள் கண்ணைப் படித்துவிட்டு எழுந்து வந்தது. அந்த வாரம் முழுக்க என் இடுப்பு வீங்கியதுதான் மிச்சம்.

"என்னால முடியல. நாயக் கெடுத்துட்டேன், எங்க வீட்டுக்காரரையும் கெடுத்துட்டேன்" என்று ஆபரேட்டருக்குப் போன் செய்து சொன்னாள்.

அவர் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். "நாயை என்கிட்ட குடுங்கம்மா. என் கண்ணு எங்கயும் போகாது" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. அவங்க விழட்டும்."

அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் விழுந்தேன். ஆபரேட்டர் பிடியைப் பிடித்தபடி, எங்கோ வேப்பமரத்துப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு "இரு" என்றார். ஆபீசர் அண்ணியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது. அங்கே படிக்க ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டது. சுவர்ப் பக்கம் அண்ணியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. தேர்வு நாள் வரை இப்படியே பழகினோம்.

தேர்வு நிலையத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. அண்ணி உள்ளே வரமாட்டேன் என்று நடையில் சுவரோரமாக, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பந்து உருண்டது. தட்டுகள் விழுந்தன. பூனையைக் கூடையில் கொண்டுவந்து காட்டினார்கள். ஆபீசர் மேலதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தது. பிறகு தேர்வாளர்களில் ஒருவர், வயதானவர், நாய்க்கு மிக அருகில் தொப்பென்று விழுந்தார். நல்ல சத்தம். நாய் காதைக்கூட அசைக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். ஆபரேட்டர் குனிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

நான் ஓடிப்போய், "தேறிடுச்சு அண்ணி!" என்றேன்.

அண்ணி திரும்பவில்லை. இரண்டு கையையும் சுவரில் பதித்திருந்தாள். "விழுந்தவரு எந்திரிச்சிட்டாரா?" என்று கேட்டாள்.

"எந்திரிச்சிட்டாரு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. வேட்டியைத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு."

அன்றே ஆபீசர் ஆபரேட்டரோடு போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்த அண்ணி, பாதி வழியில் என் பக்கம் திரும்பி, அந்த ஆள் எழுந்துவிட்டாரா என்று மறுபடியும் கேட்டாள். எழுந்துவிட்டார் என்று நானும் மறுபடி சொன்னேன். வீடு வருவதற்குள் இன்னொரு முறை கேட்டாள்.