முழங்காலிலை நிக்காத பிள்ளை

என்ரை பிள்ளைக்குச் செபம் ஆகாதாம். அவளுக்கு வயசு இரண்டு. பேய் பிடிச்சிருக்கெண்டு வாய்விட்டுச் சொல்லாத குறை.

சொன்னவ என்ரை மச்சாள், இவரின்ரை மூத்த அக்கா. கலியாணம் கட்டாமல் எங்களோடைதான் இருக்கிறா. குருநகரிலை எங்கடை வீட்டுச் செபமாலையை நடத்திறது அவதான். பின்னேரம் ஆறரைக்கு ஆண்டவரின்ரை சுருவத்துக்கு முன்னாலை மெழுகுதிரி கொளுத்தினால், எல்லாரும் சீமெந்து நிலத்திலை முழங்காலிலை நிக்கவேணும். சின்னவளும் எனக்குப் பக்கத்திலை கைகூப்பிக்கொண்டு நிப்பாள். பார்க்க அவ்வளவு வடிவு! ஒருநாள் திடீரெண்டு வீரிட்டுக் குழறத் தொடங்கினாள். அடுத்த நாளும் அப்பிடித்தான். பிறகு மெழுகுதிரியைக் கண்டாலே அறைக்குள்ளை ஓடினாள்.

"சுருவத்துக்கு முன்னாலை நிக்கேலாமல் ஓடுது. பங்குச் சுவாமியிட்டைக் கொண்டுபோ" எண்டா மச்சாள்.

சுவாமி தலையிலை கைவைச்சுச் செபிச்சுப்போட்டு, "டொக்டரிட்டையும் காட்டுங்கோ" எண்டார். டொக்டர் காய்ச்சல் பார்த்தார், காதுக்குள்ளை பார்த்தார், "பல்லு முளைக்குது, பயப்பிடாதேங்கோ" எண்டார். பல்லு ஆறரைக்கு மட்டுமோ முளைக்கும்? எனக்கு விசர் வந்திட்டுது.

அடுத்த நாள் மத்தியானம், சுருவமும் மெழுகுதிரியும் இல்லாத, சமைக்கிற குசினிக்குள்ளை, அவளின்ரை பந்தை மர வாங்குக்குக் கீழை உருட்டிவிட்டன். அவள் எடுக்கப்போய் முழங்கால் நிலத்திலை பட்டதுதான், அதே குழறல். பிள்ளை ஆண்டவருக்குப் பயப்பிடேல்லை, நிலத்துக்குத்தான் பயப்பிட்டிருக்கிறாள்! தூக்கி வைச்சுப் பார்த்தன். வலது முழங்காலிலை கடுகளவு கறுப்புப் புள்ளி. மேலை தோல் மூடிக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினன். எக்ஸ்ரேயிலை ஒண்டுமில்லையாம், மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டை போகட்டாம். "போகமாட்டன்" எண்டு அங்கை கிடந்த மர வாங்கிலை குந்திவிட்டன். பிள்ளைக்கில்லை, தாய்க்குத்தான் வருத்தம் எண்டு ஆரோ மெல்லமாச் சொன்னது காதிலை விழுந்தது. விழட்டும். பின்னேரமாப்போல ஸ்கான் எடுத்தினம். உள்ளுக்கை ஏதோ கிடக்கெண்டு கீறி எடுத்தால், மீன் முள்ளின்ரை நுனி. ஓரா முள்ளு.

அப்பதான் எனக்குப் பொறிதட்டினது. ரெண்டு மூண்டு கிழமைக்கு முன்னம் நான் வீட்டு முற்றத்திலை ஓரா மீன் வெட்டிக்கொண்டிருக்க, இவள் பக்கத்திலை விழுந்து அழுதவள். வாயிலை சீனியைப் போட்டு அழுகையை நிப்பாட்டினதும் நான்தான். ஆரையும் குறை சொல்லிப்போட்டு இதை ஒளிக்க எனக்கு மனமில்லை.

முள்ளைச் சின்னப் போத்திலிலை போட்டுக்கொண்டுவந்து சுருவத்துக்குப் பக்கத்திலை வைச்சன். மச்சாள் பார்க்கட்டும். ஆறரையாச்சு. கட்டுப்போட்ட காலோடை பிள்ளையை ஒரு கதிரையிலை இருத்தி, மற்றக் கதிரையை இழுத்துப்போட்டு நானும் இருந்தன். "புண் மாறுமட்டும் நாங்கள் இப்பிடித்தான் செபிப்பம்" எண்டன். மச்சாள் ஒரு சொல்லுச் சொன்னால் ஒன்பது சொல்ல ஆயத்தமாய்த்தான் இருந்தன்.

அவ போத்திலைப் பார்த்தா. சுவரைப் பிடிச்சு முழங்காலிலை நிக்கப்போனவ, பாதியிலை நிண்டிட்டா.

"எனக்கும் ஒரு கதிரை தாறியே? நாலு வருசமா இரண்டு முழங்காலும் நோகுது."

"ஐயோ மச்சாள், ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டவை?"

பிள்ளைக்கெண்டு ஆஸ்பத்திரியிலை அந்தத் துள்ளுத் துள்ளின நான், ஒருநாளும் இவவைக் கேட்டதில்லை. வீட்டிலை கதிரை இரண்டுதான். எழும்பி என்ரையை அவவுக்குக் குடுத்திட்டு, நான் முழங்காலிலை நிண்டன்.