பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கும்பிடு

காசிமேட்டில் நைனா வைத்திருந்த போட் இன்ஜின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கடனில் மூழ்கியபோது எனக்கு ஒன்பது வயது. கடைக்குத்தானே கடன், கடையையே எடுத்துக்கொண்டு போகட்டுமே என்று அம்மாவிடம் நியாயம் பேசினேன். அப்படியெல்லாம் பிரிக்க முடியாதாம். தனி ஆளாக நடத்திய கடை. கடைக்கடன் முழுக்க நைனாவின் சொந்தக் கடன்தானாம். வீடு அம்மா பேரில் இருந்தது, அது பிழைத்தது. ஆனால் ராப்பகலாக ஜாக்கெட் தைத்து அம்மா எங்களுக்குச் சோறு போட்ட மோட்டார் மிஷின், நைனா வாங்கியது.

அதைக் காப்பாற்றப் பெரியவர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். அம்மாவும் நைனாவும் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள், அந்த வீட்டில் அவருடையது என்று ஒரு துரும்பும் இல்லை. நைனா மாத்தூரில் ஒரு சிநேகிதர் அறைக்குப் போனார். கிளம்பும்போது என்னிடம், "கோயில்ல என் பக்கம் திரும்பாத கண்ணு. திரும்பினா மிஷினு போயிடும்" என்றார்.

ஊர் நம்பியதோ இல்லையோ, நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன். தெருவில் விளையாடப் போனால் பிள்ளைகள் இதையே கேட்டார்கள். அதனால் போவதில்லை. மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஆண்கள் பக்கம் தெரியும் நைனாவின் முதுகுதான் அந்த வாரத்துக்கு எனக்கு நைனா.

அவருக்குப் பின்வரிசையில் வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி நிற்பார். நைனாவுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி. பிரிந்த கதையை அவர் நம்பவில்லை, திங்கட்கிழமை ஆளோடு வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முந்தின நாள் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எல்லோரும் பக்கத்தில் நிற்பவர்களைக் கும்பிட்டார்கள். நைனாவும் யாரையோ கும்பிடத் திரும்பினார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. நடுப்பாதையைத் தாண்டி அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். நைனா சட்டென்று தரையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற அண்ணாச்சி என்னைப் பார்த்து மெதுவாகக் கை குவித்தார்.

பூசை முடிந்ததும் வாசலில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, யாருக்குக் கும்பிட்ட?"

"உங்களுக்குத்தான்."

தெருக்கோடியில் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த நைனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. நானும் பதிலுக்குக் கும்பிட்டுட்டேம்லா. போ, அம்மா தேடுவா" என்றார்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் சாமர்த்தியத்தை நைனாவிடம் சொல்லத் துடித்தேன், ஆனால் அவர் பக்கம்தான் திரும்பக்கூடாதே. அவ்வளவு பெரிய வியாபாரி இப்படி ஒரு சின்னப் பெண்ணிடம் ஏமாந்துவிட்டாரே என்று அண்ணாச்சிக்காகக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டேன்.