சட்டம் வந்துவிட்டது என்று நான் சொன்ன நாள்

2024 பெப்ரவரி நடுப்பகுதி, ஒரு வெள்ளிக்கிழமை. ஜெர்மனியில் எசன் நகருக்கு வெளியே நான் வேலை செய்த போத்தல் தொழிற்சாலையில் காலை இடைவேளை. முதல் நாள் அமெரிக்காவின் கீழவையில் ஒரு சட்டமூலம் நிறைவேறியிருந்தது. எரிவாயுவை நட்பு நாடுகளுக்கு விரைவாக ஏற்றுமதி செய்ய வழிவிடும் சட்டம். நான் அதைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதியிருந்தேன். யார் எந்த வருடம் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்திறங்கினார் என்று தகராறு வந்தால், எங்கள் தமிழ் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள்.

தொழிற்சாலையின் உலை எரிவாயுவில் எரிவது. அதை ஒரு நாளும் அணைப்பதில்லை. அணைத்தால் உள்ளே கண்ணாடி இறுகி உலையே பாழாகிவிடும். 2022இல் எரிவாயு விலை ஏறியது முதல், மூடுவதைப் பற்றித்தான் நிர்வாகம் பேசியது. கோடைக்கு முன் முடிவு சொல்வோம் என்றது.

உலையடியில் வேலை செய்த அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை தருவதாக அவருக்குக் கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“தம்பி, நீர் பேப்பர் வாசிக்கிற ஆள். இந்த உலை நிக்குமோ, நிக்காதோ?”

“சட்டம் பாஸாயிட்டுது அண்ணை. இனிக் காஸ் கப்பல் கப்பலா வரும். விலை விழும். அவசரப்படாதேங்கோ.”

பக்கத்தில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்த, பொதி கட்டும் பகுதி அக்கா சிரித்தார். “உவற்றை கதையைப் பாத்தா, கப்பலுக்குக் கொடி காட்டுறதே உவர்தான் போல.”

“சிரியுங்கோ அக்கா. நான் எழுதி வச்சிருக்கிறன்.”

“உவர் எழுதினால் சரியாத்தான் இருக்கும்,” என்றார் அண்ணை. “எனக்கும் இந்த வயசிலை உருளைக்கிழங்கு உரிக்க ஏலாது.”

திங்கட்கிழமை சமையலறைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

மேலவை ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு ஜனாதிபதி கையெழுத்திட வேண்டும், அதற்குப் பிறகும் ஏற்றுமதி நிலையங்கள் கட்டப் பல வருடங்கள் ஆகும். இவ்வளவும் அதே செய்தியில், சில வரிகள் கீழே இருந்தன. வாசித்திருந்தேன். அகதி விண்ணப்பத்தோடு இருந்த காலத்தில், சட்டம் மாறப்போகிறது என்று யாரோ சொன்னதற்கே வதிவிட அனுமதி கையில் கிடைத்ததுபோலப் புக்கை பொங்கிக் கொண்டாடியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. திகதி சரியாக இருந்தால் செய்தியும் சரி என்று நினைத்துவிட்டேன்.

மார்ச்சில் அண்ணை கேட்பார். “மேல்சபை என்னவாம்?”

“இன்னும் எடுக்கேல்லை அண்ணை.”

ஏப்ரலிலும் கேட்டார். மே மாதம், தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

ஜூனில் உலையின் அடியில் துளையிட்டு, உருகிய கண்ணாடியைத் தண்ணீருக்குள் ஓடவிட்டார்கள். முடிய இரண்டு நாள் எடுத்தது. முதல் நாள் அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வரவில்லை.

செப்டெம்பரில் அவருக்கு வேலை தேடித்தரும் அலுவலகத்தில் டேர்மின், வந்து சந்திக்கும்படி நாள் குறித்திருந்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார். இந்த வருடம் வேறு வேலை ஏதும் கிடைத்ததா என்று அலுவலர் கேட்டார். அண்ணை சமையலறையைச் சொன்னார். “ஏன் எடுக்கவில்லை?” என்றார் அலுவலர். அதையும் நான்தான் தமிழில் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.

அண்ணை என்னைப் பார்க்காமல் சொன்னார். “உலையை விட்டிட்டுப் போக மனம் வரேல்லை எண்டு சொல்லும்.”

அப்படியே ஜெர்மனில் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். அலுவலர் எழுதிக்கொண்டார். இந்த வயதில் கஷ்டம், ஏதும் வந்தால் கடிதம் போடுகிறோம் என்றார். அண்ணைக்கு அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

ட்ராம் தரிப்பிடத்துக்கு வந்தோம்.

“அடுத்த டேர்மினுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றார். “நீர் மினக்கெட வேண்டாம்.”

“எனக்கு அதாலை ஒரு கஷ்டமும் இல்லை அண்ணை.”

“தெரியும்,” என்றார். ட்ராம் வந்தது. அவர் முன் கதவால் ஏறினார். நான் ஏறவில்லை.