இடுப்பு முடிச்சு

நீலகிரியில், நடுவட்டம் ஊருக்குக் கீழே ஒரு தேயிலை பாக்டரியில், வேலை முடிந்து வெளியே போகும் பெண்கள் தூளை ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று தடவிப் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கேட்டை ஒட்டி ஒரு தகர அறை, நீலத் திரைச்சீலை, ஒரு ஸ்டூல். சாயங்காலம் சங்கு ஊதியதும் ஒவ்வொருத்தியாகத் திரைக்குள் வருவாள். கைகளைத் தூக்கச் சொல்வேன். கொண்டை, ரவிக்கை ஓரம், இடுப்பு, உள்பாவாடை மடிப்பு. முப்பது பேர், அரை மணி நேரம். ஆண்கள் அதே கேட்டில் டிபன் பையை வாட்ச்மேன் முன்னால் லேசாக உயர்த்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இதைவிட மோசமான வேலைகள் வாய்த்திருக்கின்றன. திருப்பூரில் பனியன்களில் நூல் பிசிறு வெட்டினேன், கொச்சியில் இறால் உரித்தேன், ஊட்டியில் லாட்ஜ் அறைகளைக் கழுவினேன். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு மழைக்காலம் இருந்ததில்லை. தனியாக வருகிற பெண் எதற்கு வந்தாள் என்று எல்லா ஊரும் சந்தேகப்படும். சந்தேகிக்கப்பட்டே பழகியவள் மற்றவர்களையும் நன்றாகச் சந்தேகப்படுவாள் என்று நினைத்துத்தான் டீமேக்கர் என்னை எடுத்திருக்க வேண்டும். டீமேக்கர் என்றால் பாக்டரியை நடத்துகிற அதிகாரி. அவர் நினைத்தது தப்பில்லை.

பெண்களில் மூத்தவள் முதல் நாளே என் கை பட்டதும் முகத்தைச் சுளித்தாள். ரிட்டையர் ஆக அவளுக்கு ஒரு வருஷம்தான் இருந்தது.

“பனிக்கட்டியாட்ட இருக்குது. தேச்சுச் சூடு பண்ணிட்டுத் தொடும்மா. உன் வேலையே நாங்க வாங்கிக் குடுத்தது, தெரியுமா?”

தெரியாது என்றேன். அடுத்தடுத்த நாட்களில், கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நேரங்களில், துண்டு துண்டாகச் சொன்னாள். முன்பு பெண்களையும் ஆண் வாட்ச்மேன்தான் தடவிப் பார்ப்பானாம். ஒருநாள் எல்லாப் பெண்களும் கேட் முன்னால் மழையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண் ஒருத்தியைப் போடுகிறோம் என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்களாம்.

“அன்னைக்கு எங்ககூட உக்காந்தவ ஒருத்தி, பொம்பளையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஆம்பளைகளையும் இதே மாதிரித் தடவட்டும், அப்புறம் பேசலாம்னா.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன. நாங்களே அவ வாயை அடைச்சோம். மானமாப் பேசத் தெரியாதவன்னோம். அடுத்த மாசம் அவளை நிறுத்திட்டாங்க. யாரும் ஏன்னு கேக்கல.” கைகளைக் கீழே போட்டாள். “முடிஞ்சுதா? பஸ் போயிரும்.”

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். மறந்துவிட்டது என்றாள். அதை நான் நம்பவில்லை.

அந்த வருஷம் மகளிர் தினத்துக்கு டீமேக்கர் மைக் பிடித்து, பெண்ணுக்கு ஒழுக்கமே நகை என்று பேசினார். ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார். சாயங்காலம் அந்த முப்பது காலி டிபன் பாக்ஸையும் திறந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து நல்ல ரகத் தூள் குறைகிறது என்று பேச்சு வந்தது. டீமேக்கர் என்னைக் கூப்பிட்டு ஒருத்தியைச் சொன்னார். தூள் சலிக்கும் இடத்தில் நிற்பவள், ஐம்பதை நெருங்குபவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். எஸ்டேட் வீட்டில் தனியாக இருந்தாள். வேலை போனால் அந்த வீடும் போய்விடும்.

“லாரி டிரைவர் பைக்ல கூடலூர் போனாளாம். நடத்தை அப்படி இருக்கறவளுக்குக் கை மட்டும் சும்மா இருக்குமா? இடுப்பை நல்லாப் பாரு.”

எனக்கும் அவள்மேல் சந்தேகம் இருந்தது. பைக்குக்காக அல்ல. என் கை இடுப்புக்கு வந்தால் அவள் உடம்பைத் திருப்பிக்கொள்வாள். சேலைக்கு அடியில் தடிமனாக ஏதோ கட்டியிருப்பது கைக்குத் தட்டுப்படும். அன்றைக்கு அந்த முடிச்சின் மேலேயே கையை வைத்தேன்.

“என்ன இது?”

“துணிங்க.”

“துணின்னு தெரியுது. உள்ள என்ன?”

அவள் திரையைப் பார்த்தாள். வெளியே அடுத்தவள் செருமிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“கர்ப்பப்பை இறங்கிருச்சுங்க அக்கா. மூட்டை தூக்குனது. இறுக்கிக் கட்டலைன்னா நிக்க முடியல.”

“டாக்டர்கிட்டக் காட்டலாமில்ல?”

“காட்டுனா வேலைக்கு ஆகமாட்டான்னு எழுதிருவாங்க. ஊட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. நான் எங்கீங்க போவேன்?” பிறகு அவளே முடிச்சில் கை வைத்தாள். “அவுக்கட்டுங்களா?”

ஊட்டி லாட்ஜில் ஒருமுறை நான் எடுத்த இரண்டு குளியல் துண்டுகள் என் பையில் இருந்தபோது, “பையைப் பாருங்க சார்” என்று நானே நீட்டினேன். நீட்டியதாலேயே அவர்கள் பார்க்கவில்லை. அது எனக்கு ஞாபகம் வந்தது. அவள் மேல் தேயிலை வாசனை அடித்தது. ஆனால் சலிக்கும் இடத்தில் நிற்கும் எல்லோர் மேலும் அதே வாசனைதான் அடிக்கும்.

“வேண்டாம், போ” என்றேன்.

மறுநாள் காலையில் டீமேக்கர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். இடுப்பில் என்ன என்றார். அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

“டிஸ்பென்சரி நர்ஸ்கிட்ட அனுப்பி முழுசாப் பாத்துரலாம்” என்றார்.

நர்ஸ் பார்த்தால் தூள் இருந்தாலும் வேலை போகும், இல்லாவிட்டாலும் போகும்.

“அது தீட்டுத் துணிங்க சார். நான் அவுத்தே பாத்துட்டேன்.”

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மேசையிலிருந்த டீ கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சரி சரி, போம்மா.” அவள் வயசை அவர் யோசிக்கவே இல்லை.

ஆனால் அவரும் சந்தேகப் பேர்வழிதான். இதையே சொல்லி எல்லோரும் எடுத்துப் போனால் என்ன செய்வது என்று தோன்றியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து கிளார்க் ஒரு நோட்டைக் கொண்டுவந்து தந்தார். யாருக்கு எந்த நாட்களில் தீட்டு என்று கேட்டு நான் எழுதிவைக்க வேண்டுமாம். ஒருத்தியைக் காப்பாற்ற நான் சொன்ன பொய், முப்பது பேர் தலையில் வந்து விடிந்தது.

அன்று சாயங்காலம் மூத்தவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அவளுக்கு இந்த வயசுல தீட்டா? நல்லா சொன்ன போ.” கைகளைத் தூக்கினாள். “எனக்கும் இன்னைக்குத்தான். எழுதிக்கோ.”

“உங்களுக்கா?”

“ஏன், கிளார்க்கு வந்து பாப்பாரா?”

அடுத்தவளும் இன்றைக்குத்தான் என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே. மறுநாளும் முப்பது பேரும் அதையே சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். கிளார்க் நோட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார், டீமேக்கர் திறக்கவில்லை என்று கேள்வி. ஒரு வாரத்தில் நோட்டு வருவது நின்றுவிட்டது. தூள் சலிப்பவளின் வேலையும் வீடும் தப்பின. அதற்குப் பிறகு என் கை அவள் இடுப்புக்குப் போகவில்லை. தூள் குறைவது நின்றதா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆண்களின் பைகள் முன்போலவே போயின.

அடுத்த மழைக்கு முன்னால் நான் கிளம்பினேன். பஸ் நிற்கும் இடத்துக்கு அவள் வந்து, தாளில் மடித்த ஒரு பொட்டலம் கொடுத்தாள். தேயிலைத் தூள். தாளில் கடைப் பெயர் எதுவும் இல்லை.

“கடையில வாங்குனதுங்க அக்கா” என்றாள், நான் கேட்காமலே.

பிறகு மேட்டில் ஏறிப் போனாள். காலை அகட்டி, மெதுவாக, அடியில் வலி இருப்பவள் நடப்பது போலத்தான் நடந்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.