நாலு வரிப் பாட்டு

நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவன். முதுநகரில் கடை. எட்டாவது வரை படித்தேன். அதில் எட்டாவது மட்டும் ரெண்டு தடவை. பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பக்கத்து மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டினால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. இப்படிப்பட்டவன் ஒரு தடவை பாட்டுப் பரீட்சைக்குப் பாட்டு தேர்ந்தெடுத்தேன்.

என் மகள் செம்மண்டலத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது படித்தாள். அங்கே பாட்டும் ஒரு பாடம். கடைசியில் சிதம்பரம் போய்ப் பாடிக் காட்ட வேண்டும். அதில் பாஸானால்தான் அங்கேயே பாட்டுப் படிப்பில் சேர முடியும். அவளுக்கு வேறு எதிலும் ஆசை இல்லை. கணக்கில் என்னை மாதிரி.

பத்துப் பாட்டு அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதில் மூன்றை எடுக்க வேண்டும். எந்த மூன்று என்று ஒரு ஃபாரத்தில் நம்பர் எழுதி, பெற்றவர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. அவள் ஒரு மாதம் பாடிப் பாடிப் பார்த்தாள். ரெண்டு, ஐந்து, ஒன்பது என்று முடிவு செய்தாள்.

அது சிக்குன்குனியா வந்த வருஷம். எங்கள் தெருவில் நேராக நடந்தவர்கள் கம்மி. ஃபாரம் கொடுக்கிற வாரம் அவளுக்கும் வந்தது. விரல் மடங்கவில்லை. பேனா பிடிக்க முடியாமல் பென்சிலில் லேசாக மூன்று நம்பரைக் கிறுக்கி என்னிடம் நீட்டினாள்.

"இது மேலயே பேனாவால எழுதிக் குடுத்துடுப்பா."

அவ்வளவுதான் எனக்கு வேலை.

பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தேன். சும்மா எழுதிவிட்டு வந்திருக்கலாம். புத்தகத்தைப் பிரித்தேன். ஒன்பதாம் பாட்டு பன்னிரண்டு வரி. பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். நாலாம் பாட்டு நாலே வரி. வீட்டில் பெண் எழுந்து உட்காரவே சுவரைப் பிடிக்கிறாள், பன்னிரண்டு வரிக்குத் தெம்புக்கு எங்கே போவாள் என்று நினைத்தேன். எடை போடுகிறவன் புத்தி. எழுத்து கம்மியாக இருந்தால் பாட்டும் லேசு. கிளார்க்கிடம் ரப்பர் கேட்டு வாங்கி ஒன்பதை அழித்தேன். நாலு என்று அழுத்தி எழுதினேன். பாட்டு டீச்சர் அன்றைக்கு லீவு. இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

வீட்டில் சொல்லவில்லை. நல்லது செய்ததை நாமே சொல்லிக்கொள்வானேன் என்று விட்டுவிட்டேன்.

ஹால் டிக்கெட் வந்தது. ரெண்டு, நாலு, ஐந்து என்று இருந்தது. பரீட்சைக்கு இருபது நாள்.

"நாலு யாருப்பா போட்டது?"

"நாந்தான். சின்னதா இருந்துச்சு."

"சின்னதா?"

அவள் கோபப்படவில்லை. உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். இன்னும் முதல் வரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

பத்துப் பாட்டில் மெதுவானது அதுதானாம். ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து நிறுத்த வேண்டுமாம். ஒன்பதாம் பாட்டு ஓடுகிற ஓட்டத்தில் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடுமாம். டீச்சரிடம் ஹால் டிக்கெட்டைக் காட்டினாள். மேடையில் இதைப் பாடச் சொன்னால் நானே யோசிப்பேன் என்றார். மூச்சுக்கு எங்கே நிற்கலாம் என்று புத்தகத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். அந்தப் பென்சிலை என் பக்கம் வைக்கவில்லை.

என் மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. ராத்திரி சோறு போட்டுக்கொண்டே, எனக்குக் கேட்கிற மாதிரி மகளிடம் சொன்னாள். "ஊருக்கெல்லாம் எடை கொறைக்கிற கை. பெத்த பொண்ணுக்குப் பாட்டையும் கொறைச்சிட்டு வந்துருக்கு."

நான் சாப்பிட்டேன்.

இருபது நாளும் வீட்டில் அந்த நாலு வரிதான். மூன்றாம் வரியில் ஓர் இடம். தராசு முள் ஆடி அடங்குகிற வரைக்கும் காத்திருக்கிற மாதிரி, அசையாமல் நீட்டி நிற்க வேண்டும். அங்கே அவளுக்கு மூச்சு அறுந்துபோகும். காய்ச்சல் விட்ட உடம்பு. கடையில் துவரம்பருப்பு போடும்போது மனசுக்குள் அந்த இடம் வந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"அண்ணே, தட்டுலேருந்து கைய எடு" என்றார் கார்டு வைத்திருந்த அம்மா. வரிசையில் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். பாட்டு என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

சிதம்பரத்தில் பெற்றவர்களுக்கு வெளியே பெஞ்சு போட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. ரெண்டாம் பாட்டைப் பாதியில் போதும் என்றார்கள். ஐந்தையும் அப்படியே. நாலை நிறுத்தவில்லை. மூன்றாம் வரி வந்தது. அந்த இடத்தில் அறுந்தது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சு வாங்கி, அறுந்த இடத்திலிருந்தே எடுத்து, நின்று, முடித்தாள்.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பரீட்சை எடுத்தவர் வயசான அம்மா.

"இந்தப் பாட்டை அப்பாதான் எடுத்துக் குடுத்தார்னு சொல்றா. நீங்க பாடுவீங்களா?"

"இல்லீங்க. ரேஷன் கடையில எடை போடறேன்."

"அப்ப இதை எப்படி எடுத்தீங்க?"

யோசிக்க நேரம் இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"சின்னதா இருந்துச்சுங்க."

அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று தெரியவில்லை. மார்க்கைக் குறைத்தாரா என்றும் தெரியவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் மகள், "பாடுவேன்னு சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். பாடச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றேன். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு பெண் நாலாம் பாட்டைப் பார்த்ததுமே தள்ளிவிட்டதாம், அதையும் சொன்னாள். விவரமான பெண்.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. பாஸ். இரண்டாம் வகுப்பு. ஒன்பதாம் பாட்டாக இருந்திருந்தால் முதல் வகுப்பு என்று டீச்சர் சொன்னார். சேர இது போதும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சிதம்பரத்தில் சேருகிற ஃபாரத்தை அவளே எழுதினாள். விரல் சரியாகியிருந்தது. கையெழுத்துக்கு என்னிடம் கொண்டுவந்தாள். மேலே எழுதியதையெல்லாம் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கடைசிக் கோட்டை மட்டும் காட்டினாள்.

"இங்க மட்டும் போடுப்பா."

போட்டேன். மேலே என்ன எழுதியிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அவள் கையை எடுக்கவில்லை.